சனிக்கிழமை முதலுதவி வகுப்பு

எங்கள் பாடசாலையில் உயிரியல் படித்த எவரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: டொக்டர். மருத்துவபீடம் கிடைக்காவிட்டால் வீடே செத்தவீடு. தாதியர் பயிற்சி, மருந்துக் கலவை, ஆய்வுகூடம், குடும்பநல உத்தியோகம் என்று வேறு வாசல்களும் உண்டென்று காட்டியது, ஓய்வுபெற்ற மிஸி (தாதி) ஒருவர் நடத்திய சனிக்கிழமை வகுப்பு.

முதற்பாடம் ஜீவனி, வயிற்றோட்டக்காரருக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புச்சீனித் தூள். பைக்கற் முழுவதையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்கவேண்டும். தம்ளர் நீரில் கொட்டினால் உப்புச் செறிவு கூடி, உடல்நீரைக் குடலுக்கு இழுத்து வயிற்றோட்டத்தை மோசமாக்கும். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடவேண்டும். பைக்கற் இல்லாவிட்டால் லீற்றருக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. எல்லாம் மட்டக்கரண்டி. குவித்து அள்ளியவர் கத்தி முதுகால் வழித்து மறுபடி அளக்கவேண்டும்.

பிறஷர் பார்க்கத்தான் கனநாள் எடுத்தது. ஆள் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கவேண்டும். கை மேசையில், நெஞ்சு மட்டத்தில். காற்றடிக்கும் பட்டி முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. நாடி மறைந்த இடத்திலிருந்து 30 கூட ஏற்றி, செக்கனுக்கு இரண்டு மில்லிமீற்றராக இறக்கவேண்டும். விறுக்கென்று இறக்கினால் முதற்சத்தம் தப்பி மேல் அளவு குறைந்து வரும். பருத்த கையில் சின்னப் பட்டியைக் கட்டினால் இல்லாத பிறஷர் இருப்பதாகக் காட்டும். கொப்பியில் 120, 130, 140 என்று பூச்சியமாகவே நிரம்பியிருந்தால் மிஸி பக்கத்தையே வெட்டிவிடுவார். காதால் கேட்டவன் 126, 134 என்றும் எழுதியிருப்பான்.

ஊர்ப்பிள்ளைகளுக்கு ஊரிலேயே மருத்துவம் பழக்குவது புதுமையல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் கிறீன், பின்னாளில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச வேலைக்கு வெளியூர் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் கிராமத்தில் நிற்பார்கள் என்பது அவர் கணக்கு. குளிர்நாட்டிலிருந்து இம்மலரைப் படிப்பவர்கள் அக்கணக்கைப் பிழை என்று சொல்லமாட்டார்கள்.

இன்றைய தாதிப் பயிற்சி மூன்று வருடம். ஆட்சேர்ப்பு வர்த்தமானியில் வரும். அதைப் பார்க்காமலே முடிவுத்திகதியைத் தவறவிடுகிற கிராமத்துப் பிள்ளைகள் உண்டு. வர்த்தமானியைப் பார்த்து அறிவித்தற்பலகையில் ஒட்ட ஓர் ஆசிரியர் போதும். மருந்து அட்டைகள் ஆங்கிலத்தில் இருப்பதால், மருந்துப் பெயர்களையும் அளவுக் குறியீடுகளையும் உயர்தர வகுப்பிலேயே வாசித்துப் பழக்கவேண்டும்.

பழைய மாணவர் சங்கம் கருவி அனுப்புவதானால் இரண்டு அளவுப் பட்டிகளும், ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் கேட்கக்கூடிய இரட்டைக்காது ஸ்டெதஸ்கோப் ஒன்றும் அனுப்பலாம். மணிக்கூட்டு முகப்புள்ள பிறஷர் மெசின் என்றால், வருடத்துக்கொருமுறை அளவு சரிபார்க்கும் செலவையும் சேர்த்து அனுப்பவும்.