மதகு: கரையோர நாட்குறிப்பு

2025 ஓகஸ்ட் 16
கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கிறது. மன்னாரில் காற்றாலை வேலையை ஒரு மாதம் நிறுத்தியிருக்கிறார்கள். எங்கட கிழக்குக் கரைக்கும் மின்சாரக் காத்தாடி வரும் என்ற கதை அடங்கவில்லை.

ஓகஸ்ட் 19
சங்கத்தில் பறவையும் மீனும்தான் பேச்சு. தண்ணியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 முதல் நிற்பவை 30 காத்தாடி, மொத்தம் 103.5 மெகாவாட். இறக்கை ஒன்று 60 மீற்றருக்கு மேல். அதை ஏற்றிவரும் வாகனம் வளைவில் திரும்ப அகலத் தெரு வேண்டும், தூக்கி நிறுத்தும் கிரேனுக்குக் கெட்டியான மேடை வேண்டும். பள்ளத்தில் கிரவல் கொட்டி உயர்த்தித்தான் இரண்டையும் போடுவார்கள். அதனால்தான் வெள்ளம் வடியுதில்லை என்பது அந்தச் சனத்தின் குறை. இங்கே மாரிக்குக் களப்புத் தண்ணி கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டப் பிந்தினாலே வீட்டுக்குள் தண்ணி. தெருவுக்குக் கீழால் தண்ணி போக மதகு எத்தனை, எந்த இடத்தில், அடிமட்டம் எவ்வளவு? பழைய நீரோட்டத் தரையைவிட மதகின் அடி ஒரு அடி உயர்ந்தால், அந்த ஒரு அடித் தண்ணி வளவில்தான் நிற்கும்.

ஓகஸ்ட் 20
மதகு. வேறொன்றும் ஓடவில்லை.

செப்டெம்பர் 3
கிழக்கில் கச்சான் தரையால் வருவது, வாடை கடலால் வருவது. கோபுரம் நட்டு ஒரு வருடம் முழுக்க அளந்தால்தான் இரண்டும் பிடிபடும். வினாடிக்கு 6 மீற்றர் காற்று 8 ஆனால் அதன் வலு இரண்டு மடங்கைத் தாண்டும். அளக்காத கரைக்கு என்ன கணக்கு?

செப்டெம்பர் 11
சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் மக்கள் கருத்து எழுத 30 நாள் உண்டு. அதைவிடச் சிறிய ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனையோடு முடித்தால் அது கிடையாது. எது என்று முதலில் கேட்க வேண்டும். “வேண்டாம்” என்று ஊரே கையெழுத்து வைப்பதைவிட, எந்தத் தெரு எந்த வாய்க்காலை மறிக்கிறது என்று படத்தோடு எழுதும் ஒரு கடிதம் பெரிது. அதைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

செப்டெம்பர் 27
நேற்றிரவு மன்னாரில் லொறிகளை மறித்து நின்ற சனம் அடிபட்டிருக்கிறது. நெஞ்சு ஆறவில்லை.

செப்டெம்பர் 28
கரைவலை இழுக்கும் இடத்தில் இரண்டு பக்கக் கயிற்றையும் இழுக்க வெறும் மணல் வேண்டும். காத்தாடியின் காலைவிட அதைச் சுற்றிப் போடும் வேலிதான் மறிக்கும்.

ஒக்டோபர் 5
2024 நவம்பர் வெள்ளத்தின் கறை சுவர்களில் இன்னும் தெரிகிறது. தீபாவளிக்கு வெள்ளையடித்தால் அத்தாட்சி போய்விடும். தரையிலிருந்து கறைவரை அளந்து, அளவுநாடா தெரியப் படம். பிறகு நீளக் குழாயில் தண்ணி நிரப்பி, வீட்டுக்கு வீடு மட்டம் பிடிக்க வேண்டும். குழாய்க்குள் காற்றுக்குமிழ் நின்றால் அளவு பிழைக்கும்.

ஒக்டோபர் 6
ஏழு வீடு முடிந்தது. வாய்க்காலுக்கு அங்கால் நாளைக்கு.