போலிஷ் பேசுபவர்களுக்கு ‘அப்’பும் ‘டவுனு’ம் கற்றுக்கொடுக்கும் வழி

போலிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஆங்கில ஃப்ரேசல் வெர்பை, அதாவது வினையோடு ‘அப்’, ‘டவுன்’ போன்ற சிறு சொல் சேர்ந்து புதுப் பொருள் தருவதை, கண்டு ஒதுங்கிப் போவதற்குச் சோம்பல் காரணமில்லை. ‘டாலரேட்’, ‘ரெட்யூஸ்’, ‘கன்டின்யூ’ போன்ற லத்தீன் வழி வினைகள் அவர்கள் மொழியிலேயே டொலெரோவாச், ரெடுகோவாச், கொன்டினுவோவாச் என்று இருக்கின்றன. கையில் இருப்பதை விட்டுவிட்டு ‘புட் அப் வித்’, ‘கட் டவுன் ஆன்’ என்று எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் 2004 மே மாதம் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வேலைக்குப் போனவர்களிடம், கிடங்கிலும் ஓட்டல் சமையலறையிலும் யாரும் ‘டாலரேட்’ என்று பேசவில்லை. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறத்தாழ 6,12,000 பேர் போலிஷைத் தங்கள் முதன்மை மொழியாகப் பதிவு செய்தார்கள். அன்றாட வேலைக்கு இந்தச் சிறு சொற்கள் இல்லாமல் முடியாது.

முதலில் தூக்கிப் போட வேண்டியது, ‘கெட்’, ‘டேக்’, ‘புட்’ என்று வினைவாரியாக அடுக்கிய பட்டியலை. ஒரே வினைக்குப் பதினைந்து பொருளை ஒரே பக்கத்தில் படித்தால் இரண்டு நாளில் எல்லாம் கூழாகிவிடும். போலிஷ்காரர்களிடம் அதைவிட நல்ல சரக்கு ஏற்கெனவே இருக்கிறது: முன்னொட்டு.

பிஸாச் என்றால் எழுது. (தமிழ்க் காதுக்குப் பேயைக் கூப்பிடுவது போல இருக்கும், பழகிவிடும்.) நாபிஸாச் என்றால் எழுதி முடி. ஸாபிஸாச் என்றால் குறித்து வை. போட்பிஸாச் என்றால் கையெழுத்துப் போடு. ஒரு சின்னத் துண்டு வினையின் பொருளையே திருப்பிவிடும் என்பது அவர்களுக்குப் பால்குடி வயதிலேயே தெரியும். அவர்கள் துண்டை முன்னால் ஒட்டுகிறார்கள், ஆங்கிலம் பின்னால் தனியாக வைக்கிறது. முதல் வகுப்பில் இதைச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும்.

தொடங்க வேண்டிய முன்னொட்டு ‘ஸ்’. எழுத்தில் சில இடத்தில் இஸட், சில இடத்தில் எஸ். அப், டவுன் குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. இந்த ஒரே முன்னொட்டு இரண்டு வேலை பார்க்கிறது: ஒன்று மேலிருந்து கீழே வருவது, மற்றொன்று மிச்சமில்லாமல் முடிப்பது. ஸெய்ஷ்ச் என்றால் இறங்கு, அதாவது ‘கோ டவுன்’. ஸ்யெஷ்ச் என்றால் சாப்பிட்டு முடி, அதாவது ‘ஈட் அப்’. காதில் ஏறத்தாழ ஒன்றுபோல விழும் இந்த இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். கீழே வரும் வேலைக்கு ஆங்கிலத்தில் டவுன், முடிக்கும் வேலைக்குப் பெரும்பாலும் அப். தமிழில் ‘சாப்பிட்டுவிடு’ என்பதில் ‘விடு’ பார்க்கும் வேலையை இந்த அப் பார்க்கிறது.

இரண்டு வேலையும் ஒரே வினையில் சந்திக்கும் இடம்தான் சிக்கல். ஸ்பாலிச் என்றால் எரித்துவிடு. வீடு எரிந்தால் ‘பர்ன் டவுன்’. எரிபொருள் தீர்ந்தாலும், வளிமண்டலத்தில் விண்கல் எரிந்து போனாலும் ‘பர்ன் அப்’. போலிஷில் வேறுபாடு இல்லாததால் வினையை உற்றுப் பார்த்துப் பயனில்லை, எரியும் பொருளைப் பார்க்க வேண்டும். நின்றுகொண்டிருந்தது சரிந்தால் டவுன். இருந்தது தீர்ந்துபோனால் அப். மரத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும்: ஷ்சோஞ்ச் என்றால் வெட்டிச் சாய்ப்பது, ‘கட் டவுன்’, பொச்சோஞ்ச் என்றால் துண்டு போடுவது, ‘கட் அப்’. இங்கே முன்னொட்டே வேறாக இருப்பதால் யாரும் தவறுவதில்லை.

விட்ஷெச் என்ற வினையில் எல்லோரும் தவறுவார்கள். துடை என்று பொருள். மேசையையும் விட்ஷெச் செய்யலாம், மேசையில் கொட்டிய பாலையும் விட்ஷெச் செய்யலாம். ஆங்கிலத்தில் மேசையை ‘வைப் டவுன்’, பாலை ‘வைப் அப்’. மேற்பரப்பு அப்படியே இருக்கிறது, சுத்தமாகிறது: டவுன். பால் காணாமல் போகிறது: அப். ஓட்டல் வேலைக்குப் போகிறவருக்கு முதல் வாரத்திலேயே இந்த ஒரு ஜோடியைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

முடிந்த வினை, முடியாத வினை என்ற பிரிவு போலிஷ் இலக்கணத்தின் முதுகெலும்பு. அதை இங்கே சோதனையாகப் பயன்படுத்தலாம். சூப்பைப் ‘பத்து நிமிஷத்தில்’ குடித்தான் என்றால் முடிந்த வினை வரும். ‘பத்து நிமிஷம்’ குடித்துக்கொண்டிருந்தான் என்றால் முடியாத வினை. ஆங்கில ‘ஈட் அப்’பும் ‘இன் டென் மினிட்ஸ்’ உடன் ஒத்துப்போகும், ‘ஃபார் டென் மினிட்ஸ்’ உடன் உதைக்கும். போலிஷ்காரருக்கு இது யோசிக்காமலே வரும்.

ஆனால் அங்கேயே குழியும் இருக்கிறது. முடிந்த வினை எல்லாவற்றுக்கும் அப் போட ஆரம்பித்துவிடுவார்கள். மின்னஞ்சலை எழுதி முடித்தேன் என்பதற்கு ‘ரோட் அப்’, புத்தகத்தைப் படித்து முடித்தேன் என்பதற்கு ‘ரெட் அப்’. ‘ரைட் அப்’ என்றால் குறிப்புகளை முழு அறிக்கையாக ஆக்குவது. ‘ரீட் அப் ஆன்’ என்றால் ஒரு விஷயத்தைத் தேடிப் பிடித்துப் படிப்பது. தீரக்கூடிய, நிரம்பக்கூடிய, ஒழுங்காகக்கூடிய பொருள் இருந்தால்தான் முடிக்கும் அப் இயல்பாக ஒட்டும்: ஈட், டிரிங்க், யூஸ், ஃபில், க்ளீன், டைடி, பே, டிரை. இந்த எட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மற்றவை தானாக வரும்.

இன்னொரு குழி எதிர்த்திசையில் இருக்கிறது. போலிஷில் முடிந்த வினைக்கு நிகழ்காலம் கிடையாது. அதனால் ‘வி ஆர் யூஸிங் அப் தி ஓல்ட் ஸ்டாக்’ என்ற வாக்கியத்தைத் தப்பு என்று திருத்த வருவார்கள். ஆங்கில அப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர்கள் மொழியிலேயே முன்னொட்டை வைத்துக்கொண்டு நடுவில் ‘இவா’ சேர்த்து நிகழ்காலம் ஆக்கும் வடிவம் உண்டே என்று நினைவூட்டினால் போதும்.

மற்ற முன்னொட்டுகளுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். ‘டோ’ என்றால் எட்டுவது: டோகோனிச் ‘கேட்ச் அப்’, டோரோஸ்னோஞ்ச் ‘க்ரோ அப்’. போனில் பணம் போடுவது டோவடோவாச், ஆங்கிலத்தில் ‘டாப் அப்’. ‘ஸா’ பல இடங்களில் மூடுவது, கட்டுவது: பொத்தான் போட்டால் ‘பட்டன் அப்’, கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் ‘லாக் அப்’, கயிற்றால் கட்டினால் ‘டை அப்’. ‘ரோஸ்’, ‘போ’ இரண்டும் பிரிப்பது, துண்டாக்குவது: ‘ஸ்ப்ளிட் அப்’, ‘டேர் அப்’. வாரத்துக்கு ஒரு முன்னொட்டு என்று போனால் ஒன்றரை மாதத்தில் தேவையானதெல்லாம் வந்துவிடும்.

குறைத்தல் என்ற பொருளில் வரும் டவுன் அவர்களுக்கு எளிது: ஸ்லோ டவுன், காம் டவுன், கூல் டவுன். ‘லுக் டவுன் ஆன்’ இன்னும் எளிது, போலிஷிலும் ஒருவரை இளக்காரமாகப் பார்ப்பதை ‘மேலிருந்து பார்ப்பது’ என்றே சொல்கிறார்கள். எதிர்ப்பதமான ‘லுக் அப் டு’வுக்கு அப்படி ஒரு கைப்பிடி இல்லை, தனியாக மனப்பாடம் செய்வதுதான் வழி. அகராதியில் சொல் தேடும் ‘லுக் அப்’போடு அதை ஒரே நாளில் நடத்தக் கூடாது.

‘டர்ன்’ ஒரு தனி வில்லங்கம். ‘டர்ன் டவுன்’ என்றால் சத்தத்தைக் குறைப்பதும் உண்டு, வேலை வாய்ப்பை வேண்டாம் என்று சொல்வதும் உண்டு. ‘டர்ன் அப்’ என்றால் சத்தத்தைக் கூட்டுவதும் உண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பதும் உண்டு. சத்த ஜோடியை மட்டும் முதலில் சேர்த்துக் கற்கலாம். வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு வாரம் இடைவெளி விட வேண்டும், வந்து நிற்பதற்கு அதற்கும் ஒரு வாரம். நான்கையும் ஒன்றாகக் கொடுத்தால் ‘என் நண்பன் டர்ன்ட் டவுன்’ என்று வருகையைச் சொல்லும் வாக்கியம் கட்டாயம் கேட்கும்.

அடுத்தது ‘ஷெ’. போலிஷில் ‘தன்னை’ என்பது போன்ற இந்தச் சொல் எத்தனையோ வினைகளோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. தூக்கத்திலிருந்து விழி, அமைதியாகு, பழுதாகு எல்லாவற்றிலும் அது உண்டு. நேரே கொண்டுவந்தால் ‘தி கார் ப்ரோக் டவுன் இட்செல்ஃப்’ என்று ஆகும். சிரித்துவிட்டுப் போகலாம். பொத்தாச் ஷெ வேறு ரகம். மனம் தளர்ந்து விட்டுவிட்டேன் என்று சொல்ல நினைத்து ‘ஐ கேவ் மைசெல்ஃப் அப்’ என்றால், போலீசிடம் சரணடைந்தேன் என்று அர்த்தம். ‘ஐ கேவ் அப்’ போதும். ஸாபிஸாச்சில் நேர்மாறு: ஷெ இல்லாவிட்டால் ‘ரைட் டவுன்’, ஷெ சேர்ந்தால் ஒரு வகுப்பில் பெயர் கொடுப்பது, ‘சைன் அப்’. விஹோவாச் ஷெ என்றால் வளர்ந்தேன். க்ராக்கூவில் வளர்ந்தேன் என்பதற்கு ‘ஐ வாஸ் க்ரோன் அப்’ என்பார்கள். ‘ஐ க்ரூ அப்’ என்றோ ‘ஐ வாஸ் ப்ராட் அப்’ என்றோதான் வர வேண்டும். ஷெ வரும் வினைகளுக்குத் தனிக் கலரில் மனப்பாட அட்டை போடுவது இதற்காகத்தான்.

சொல் வரிசைக்கு வருவோம். போலிஷ் முன்னொட்டு வினையை விட்டு நகராது. ஆகவே ‘டர்ன் டவுன் இட்’ என்று அப்பையும் டவுனையும் வினையோடு ஒட்டியே வைப்பார்கள். பெயர்ச்சொல் என்றால் இரண்டு பக்கமும் சரி: ‘டர்ன் டவுன் தி ஆஃபர்’, ‘டர்ன் தி ஆஃபர் டவுன்’. ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும். ‘புட் அப் வித்’, ‘லுக் டவுன் ஆன்’ மாதிரி மூன்று துண்டு வினைகளில் நடுவில் எதையும் நுழைக்க முடியாது. ‘ரன் அப் தி ஹில்’ என்பதில் உள்ள அப் வினையைச் சேர்ந்தது இல்லை, மலையைச் சேர்ந்தது. அதனால் அங்கே ‘ரன் அப் இட்’ சரி. ‘ரன் அப் எ பில்’ என்றால் கடன் ஏற்றுவது. அங்கே ‘ரன் இட் அப்’.

உச்சரிப்பை யாரும் கவனிப்பதில்லை, கேட்பவருக்கு முதலில் இடறுவது அதுதான். போலிஷில் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். ‘வேக் அப்’பை ஒரே சொல்லாக எண்ணி ‘வேக்’கில் அழுத்திவிடுவார்கள். ஆங்கிலத்தில் வாக்கியம் அங்கே முடிந்தால் கனம் அப்பில்தான். ‘டர்ன் இட் டவுன்’ சொல்லும்போது டவுனில் மேசையைத் தட்டச் சொல்வோம், கொஞ்சம் அசட்டுத்தனமாக இருந்தாலும் வேலை செய்கிறது.

பெயர்ச்சொல்லில் அழுத்தம் முன்னால் போய்விடும். பேக்கப், ஸ்டார்ட்டப், லாக்டவுன் எல்லாம் போலிஷிலும் புழங்குவதால் இந்த அழுத்தம் அவர்களுக்கு இயல்பாகவே வரும். ஆபத்து வேறு: பெயர்ச்சொல்லையே வினையாக எண்ணி ‘ஐ பேக்கப்டு தி ஃபைல்’ என்று எழுதுவது. இறந்தகாலம் நடுவில் ஏற வேண்டும், ‘பேக்ட் அப்’. ஐடி அலுவலகங்களில் ஸ்பெகபோவாச் என்றே ஒரு போலிஷ் வினை புழங்குகிறது. பின்னால் ஆங்கில அப், முன்னால் முடிக்கும் ‘ஸ்’: ஒரே சொல்லுக்குள் இரண்டு முறை முடித்துவிட்டார்கள்.

அட்டை எழுதும்போது முன்பக்கம் போலிஷ் வினையை மட்டும் எழுதக் கூடாது. செயப்படுபொருளோடு முழு வாக்கியம் வேண்டும், இல்லாவிட்டால் விட்ஷெச் அட்டைக்கு விடையே கிடையாது. பின்பக்கம் ஆங்கில வாக்கியத்தில் ‘இட்’ போட்டு எழுத வேண்டும், வரிசையும் சேர்ந்து பதியும். ஒரு நாளைக்கு ஆறு புதிய அட்டைக்கு மேல் வேண்டாம். மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள் திரும்பிப் பார்த்தால் போதும்.

கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுபவர்களுக்கு இந்த உழைப்பு நேராக மதிப்பெண்ணாகும். ‘ரீடிங் அண்ட் யூஸ் ஆஃப் இங்கிலிஷ்’ தாளின் நான்காம் பகுதியில் ஆறு வாக்கியங்கள். கொடுத்த சொல்லை மாற்றாமல், இரண்டிலிருந்து ஐந்து சொற்களுக்குள் நிரப்ப வேண்டும். ‘டாலரேட்’ இருக்கும் வாக்கியத்துக்குக் கீழே ‘புட்’ என்று கொடுத்திருந்தால் ‘அப்’பும் ‘வித்’தும் சேர்ந்து வர வேண்டும். போலிஷ்காரர்கள் பெரும்பாலும் ‘வித்’தை விட்டுவிடுகிறார்கள், ஸ்னோஷிச் என்ற அவர்கள் வினைக்கு அப்படி ஒன்று தேவைப்படுவதில்லை. ‘டோன்ட்’ போன்ற சுருக்கம் இரண்டு சொல்லாக எண்ணப்படும், ஆகவே ‘டோன்ட் புட் அப் வித்’ என்று எழுதினாலே ஐந்து ஆகிவிடும். அதற்கு மேல் ஒரு ‘தி’ சேர்த்தால்கூட எல்லை தாண்டிவிடும்.