சைலன்சருக்குள் இருக்கும் சின்ன வலை

பெங்களூரில் பன்னேர்கட்டா ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் லேஅவுட்டில் வீடு கட்டாமல் கிடக்கும் சைட்டுகள் நிறைய. மழைக்கு இடுப்பளவு வளரும் புல், பிப்ரவரிக்குள் காய்ந்து வைக்கோலாகிவிடும். அதை வெட்டத்தான் சங்கத்தில் பணம் போட்டு ஒரு டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் வாங்கினோம், ஓட்டுவது தருமபுரிக்கார அண்ணன் ஒருவர்.

போன மாதம் மெஷின் இழுக்கவில்லை. ஸ்டார்ட் ஆகிறது, சும்மா ஓடும்போது சரியாக இருக்கிறது, ரேஸ் கொடுத்தால் மூச்சு முட்டின மாதிரி அமுங்கிவிடுகிறது. ரிப்பேர் கடையில் பத்தே நிமிடத்தில் சரியாக்கிக் கொடுத்தார்கள். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "சைலன்சர்ல ஒரு வலை அடைச்சிருந்துச்சு சார், கழட்டிப் போட்டுட்டேன், இனிமே தொல்லையே இல்ல."

அந்த வலைதான் ஸ்பார்க் அரெஸ்டர். கேட்டதும் எனக்குப் பகீரென்றது.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிகிறது. முழுதாக எரியாத ஆயில் புகை வெளியேறும் வாயிலும் சைலன்சர் சுவரிலும் கரியாகப் படிந்து, இஞ்சின் சூடேறி வேகமெடுக்கும்போது செதில் செதிலாக உதிரும், சில செதில்கள் கனன்றுகொண்டே வெளியே பறக்கும். அதைத் தடுக்கத்தான் அந்தக் கம்பி வலை. கையில் பிடித்து ஓட்டும் மெஷின்களுக்கான அமெரிக்கத் தரத்தில் அதன் கண் 0.023 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, அதாவது 0.6 மில்லிமீட்டருக்கும் குறைவு. கலிபோர்னியாவில் காடு, புதர், புல் உள்ள இடத்தில் ஸ்பார்க் அரெஸ்டர் இல்லாத இஞ்சினை ஓட்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது, வலை இருந்தால் மட்டும் போதாது, வேலை செய்யும் நிலையிலும் இருக்க வேண்டும். காய்ந்த புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்று பெங்களூருக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2019 பிப்ரவரியில் எலஹங்கா விமானக் கண்காட்சியின் பார்க்கிங்கில் புல்லும் காற்றும் சேர்ந்து சுமார் 300 காரைச் சாம்பலாக்கினது நினைவிருக்கும்.

சரி, வலை ஏன் அடைத்தது? அண்ணனிடம் கேட்டேன். "ஆயில் கொஞ்சம் கூடப் போட்டா இஞ்சினுக்கு நல்லதுன்னு ஊத்துவேன் தம்பி" என்றார். எங்கள் மெஷினுக்கு ஆயிலும் பெட்ரோலும் 1:50, அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். அவர் கண் அளவில் ஊற்றியது அதற்கு இரண்டு மடங்காவது இருக்கும். சில மெஷின்களுக்கு 1:25, அதாவது 40 மில்லி, அதனால் மெஷினோடு வந்த புத்தகத்தைப் பார்த்தே கலக்குங்கள். ஏர் ஃபில்டர் அழுக்காக இருந்தாலும், ரேஸ் கொடுக்காமல் நெடுநேரம் ஓடவிட்டாலும் கரி சீக்கிரம் சேரும். காரணத்தை விட்டுவிட்டு வலையைக் கழற்றினால் கரி சேர்வது நிற்காது, இத்தனை நாள் வலையில் நின்றது இனி புல்லில் விழும், அவ்வளவுதான்.

புது வலை வாங்கி நானே போட்டேன். சுத்தம் செய்வதும் சுலபம்தான். மெஷின் நன்றாக ஆறின பிறகு சைலன்சர் மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றி, வலையைப் பிளையரால் மெல்ல இழுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கரி இறுகியிருந்தால் பெட்ரோல் வாடையே இல்லாத இடத்துக்கு வலையை மட்டும் கொண்டுபோய்த் தீயில் காட்டுங்கள், கரி எரிந்து சாம்பலாகிவிடும், ஆறினதும் தட்டினால் உதிரும். ஓட்டை விழுந்திருந்தால் யோசிக்காமல் புதிது போடுங்கள். அப்படியே புகை வாயையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். அங்கே கரி இருந்தால் ஸ்டார்ட் செய்யும் கயிற்றை மெல்ல இழுத்து, உள்ளே இருக்கும் பிஸ்டன் அந்த வாயை மூடும்படி நிறுத்திவிட்டு மரக்குச்சியால் சுரண்டுங்கள், இரும்பு வேண்டாம், பிஸ்டனில் கீறல் விழும்.

அப்புறம் இன்னொன்று. வலை பொறியைத்தான் பிடிக்கும், சைலன்சரின் சூட்டை ஒன்றும் செய்யாது. நிறுத்தின கையோடு மெஷினைப் புல்மேல் சாய்த்து வைக்காதீர்கள். அண்ணன் இப்போது சிமென்ட் தரையில்தான் வைக்கிறார், பத்து நிமிடம் ஆறவிட்டுத்தான் பெட்ரோல் ஊற்றுகிறார், ஆயிலுக்கு மருந்துக்கடையில் வாங்கின அளவு மூடி ஒன்று அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது.