பாட முடியாமல் போன பிறகு

தைரொயிட் சத்திரசிகிச்சைக்கு முன்பே வைத்தியர் சொல்லியிருந்தார், குரல் நாணை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குப் பின்னால்தான் ஓடுகிறது, குரல் மாறலாம் என்று. மாறித்தான் போனது. பேச்சுப் பயிற்சியால் பேச முடிந்தது. மேல் ஸ்தாயி மட்டும் திரும்பவே இல்லை.

அதற்கு முன் மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் கோயில் திருவிழாக் கச்சேரிகளில் பாடிக்கொண்டிருந்தவள் நான். இசைக்குழுவில் முதலில் சுகம் விசாரித்தார்கள், அப்புறம் போன் வருவது நின்றது. அவர்களிடம் எனக்குக் கோபமில்லை, கச்சேரி நடக்கத்தானே வேண்டும். ஆனால் சந்தையில் ஒருவர் "நீங்க முந்திப் பாடின பிள்ளைதானே?" என்று கேட்டபோது நெஞ்சு அடைத்துப்போனது.

பக்கத்து வீட்டு மாமி கத்தோலிக்கர். எனக்கு எதையும் போதித்ததில்லை. செப்டம்பரில் ஆயித்தியமலை சதா சகாய மாதா திருவிழாவுக்கு நடந்து போகும்போது, "நீயும் வாறியா மகள்?" என்றார். வழி நெடுகச் செபமாலை. ஒருவர் தொடங்குவார், மற்றவர்கள் சேர்ந்து முடிப்பார்கள். என் கரகரத்த குரலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நோய்க்குப் பிறகு பலர் நடுவில் நான் வாய் திறந்தது அங்கேதான்.

ஞானஸ்நானம் கேட்டுப் போனபோது பங்குத்தந்தை, "குரல் வரும் என்று நினைத்து வருகிறீர்களா?" என்றார். "வராது என்று தெரிந்துதான் வந்திருக்கிறேன், சுவாமி" என்றேன். சரி, வகுப்புக்கு வாருங்கள் என்றார். மாதக்கணக்கில் போனது, யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களைத் திருச்சபை ஏற்றுக்கொள்ளும் சடங்கில் நெற்றி, காது, கண், உதடு, மார்பு, தோள் என்று ஒவ்வொன்றிலும் சிலுவை அடையாளம் வரைவார்கள். உதட்டுக்கு வந்தபோது, எனக்குத் துணை நின்று அடையாளமிட்ட மாமியின் பெருவிரல் நடுங்கியது. இனி எதற்கும் உதவாது என்று நான் ஒதுக்கிவைத்த வாய் அது. அதையும் கடவுளுக்கென்று குறித்தார்கள். அழுதுவிட்டேன்.

தவக்காலத்தில் சமாரியப் பெண், பார்வையற்றவர், இலாசர் என்று மூன்று நற்செய்தி வாசகங்கள் மூன்று ஞாயிறுகளில் வரும். இலாசரிடம்தான் நான் நின்றுவிட்டேன். இறந்துபோன அவரை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். அப்படியென்றால் என் இழப்பும் அவருக்குச் சின்ன விஷயமில்லை. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பாஸ்கா இரவில் திருமுழுக்கு என்கிற ஞானஸ்நானம், விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல், அப்ப வடிவில் ஆண்டவரை உட்கொள்ளும் நற்கருணை மூன்றும் ஒன்றாகக் கிடைத்தன.

இப்போது திருப்பலிப் பூசையில் பல்லவியைத் தாழ்ந்த சுருதியில் எல்லோருடனும் சேர்ந்து பாடுகிறேன். நான் மேடையில் பாடிய பாட்டை வேறொரு பிள்ளை பாடினால் நின்று கேட்க முடிகிறது.

இந்த வழியில் வர நினைப்பவர்கள், ஞானஸ்நானத்தில் துணை நிற்கும் ஞானத்தாயையோ ஞானத்தந்தையையோ முதலிலேயே யோசித்து வையுங்கள். அவர் உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும், பொதுவாக 16 வயது நிரம்பியிருக்க வேண்டும், உங்கள் பெற்றோராக இருக்கக் கூடாது. செபிக்கிறோம் என்பதற்காகக் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். நான் தைரொக்சின் குளிசையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டுத்தான் பூசைக்குப் போகிறேன்.