அஃப்ளடாக்சின் சோதனை: மூன்று வாரம் எங்கே போனது?

பால் எடுக்கிறவர் பட்டைச் சோதனை போட்டுப் பார்த்துவிட்டு, "எம்1 காட்டுது, இன்னைக்குப் பால் வேண்டாம்" என்று கேனைத் திருப்பி வைத்தார். அஃப்ளடாக்சின் என்பது பூஞ்சணம் விடும் நச்சு. தீவனத்தில் இருக்கும் வகை பி1, அதை மாடு தின்றால் பாலில் இறங்குவது எம்1. தீவனத்தில் பி1 எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும். ஆனால் அதைப் பார்த்து முடிக்க மூன்று வாரம் ஆனது. அதில் இரண்டு வாரம் சுத்த வீண், பாதிக்குமேல் என் தப்பு. அந்தத் தப்புகளைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பால்காரர் மேல் கோபப்படுவதில் பயனில்லை. 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368-ல் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 551-ல் 88, எண்ணிக்கையில் எந்த மாநிலத்தையும் விட அதிகம். பாலில் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். காய்ச்சினாலும் பதப்படுத்தினாலும் எம்1 போகாது. அதனால் வாங்கும் இடத்திலேயே தடுக்கிறார்கள்.

முதல் தப்பு, கம்பெனி பெல்லட் தீவனத்தின் மேல் பழி போட்டது. ஐப்பசி மழையில் வந்த லோடு, மேல் மூட்டை இரண்டில் ஓரம் கட்டி பிடித்திருந்தது. போதாதா? நேரே கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணாச்சி, மூட்டை வாயில தச்சிருந்த அட்டை எங்க? பேட்ச் நம்பர் இல்லாம கம்பெனிக்காரன் காது குடுப்பானா?" அட்டை இல்லை. மூட்டையைப் பிரித்த அன்றே நூலோடு சேர்த்து அடுப்பில் போட்டாயிற்று. அடுத்த கேள்வி: "சாம்பிள் எடுக்கும்போ நான் இருந்தேனா?" அதுவும் இல்லை. மூட்டையைப் பிரித்து மூன்று நாள் ஆன பிறகு, வீட்டில் யாரும் பார்க்காமல் எடுத்த சாம்பிளுக்கு வியாபாரத்தில் மதிப்பு கிடையாது. அவர் சொன்னது நியாயம்தான், அன்றைக்கு எரிச்சலாக இருந்தது, அவ்வளவே.

அடுத்தது வீண் பயணம். தீவன ஆய்வகம் என்று பெயர்ப்பலகை இருந்தால் எல்லாம் பார்ப்பார்கள் என்று நினைத்து, பக்கத்து மாவட்டத்துக்கு விடியற்காலை பஸ் ஏறிப் போனேன். ஜன்னலில் இருந்தவர் பையைத் தொடக்கூட இல்லை. "இங்க புரதம், நார், சாம்பல், ஈரம். நச்சு பார்க்குற மிஷின் இங்க இல்ல." போன் போட்டு "அஃப்ளடாக்சின் பி1 பார்ப்பீர்களா, எந்த முறையில், எந்தக் கிழமை சாம்பிள் வாங்குவீர்கள், பணம் எப்படிக் கட்டணும்" என்று நாலு கேள்வி கேட்டிருந்தால் அந்த நாள் மிஞ்சியிருக்கும். கோழிப் பண்ணைகள் நிறைந்த நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த தீவன ஆய்வகத்தில் நச்சுச் சோதனை உண்டு. குமரி மாவட்டத்திலிருந்து அது தூரம்தான். ஆனால் சாம்பிளைத் தபாலிலோ கூரியரிலோ அனுப்பலாம், ஆள் போக வேண்டியதில்லை.

கூரியரில் அனுப்பியதிலும் ஒரு சறுக்கல். மேல் மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, பாலிதீன் கவரில் போட்டு, காற்றுப் போகாமல் சுருட்டி ஒட்டி வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். நாலு நாள் வழியில் கிடந்து, கவருக்குள் வியர்த்து, அங்கே போய்ச் சேர்ந்தபோது தீவனம் பூத்திருந்தது. "இது உங்கள் தீவனத்தின் நிலையைக் காட்டாது, புதிதாக அனுப்பவும்" என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. ஈரமுள்ள பொருளைப் பாலிதீனில் அடைத்தால் வழியிலேயே பூஞ்சணம் வளரும், நச்சும் கூடும். பி1-க்கு அனுப்புவதைக் காயவைத்து, தடித்த காகிதப் பையிலோ துணிப் பையிலோ போட வேண்டும். ஈரப்பதமும் தெரிய வேண்டுமானால் அதற்கு மட்டும் தனியாக, காற்றுப் புகாத டப்பாவில் கொஞ்சம் அனுப்ப வேண்டும். இரண்டையும் ஒரே பையில் சாதிக்க முடியாது.

இரண்டாம் முறை ஒழுங்காக அனுப்பிய பெல்லட்டுக்கு முடிவு வந்தது: 11 பிபிபி. கிலோவுக்கு 11 மைக்ரோகிராம். இந்தியத் தரநிலை ஐஎஸ் 2052 கலப்புத் தீவனத்துக்குச் சொல்லும் உச்ச வரம்பு 20. அதாவது பெல்லட் குற்றவாளி இல்லை. கடைக்காரர் முகத்தில் விழிக்கவே சங்கடமாகிவிட்டது.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். முதல் நாளே போட்டிருக்க வேண்டும். மாடு தின்னும் பி1-ல் ஏறக்குறைய 1 முதல் 6 விழுக்காடு பாலில் எம்1-ஆக இறங்கும், கறவை கூடுதலான மாட்டில் மேல் எல்லைக்குப் போகும். 2 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நாலு கிலோ பெல்லட்டில் 44 மைக்ரோகிராம். அதில் 2 விழுக்காடு 0.88. பத்து லிட்டர் பாலுக்குப் பிரித்தால் லிட்டருக்கு 0.09 கூட வராது. பட்டை எம்1 காட்ட வழியே இல்லை. அப்படியானால் வேறு ஏதோ ஒன்று தொட்டியில் விழுகிறது. காடித்தண்ணீரில் ஊறப்போடும் தேங்காய்ப் பிண்ணாக்கு, நாளுக்கு ஒன்றரைக் கிலோ. அதை யாரும் சந்தேகப்படவே இல்லை. மணமாக இருந்தது, மாடும் விரும்பித் தின்றது.

ஒரு கட்டியைச் சுத்தியலால் உடைத்தபோது மேல்பக்கம் நல்ல தவிட்டு நிறம். உள்ளே வெடிப்பு ஓடிய இடத்தில் மட்டும் மஞ்சள் கலந்த பச்சைப் பொடி, விரலில் ஒட்டியது. பக்கத்து இன்ச்சில் ஒன்றுமே இல்லை. சாம்பிள் எடுப்பதில் இவ்வளவு கஷ்டம் ஏன் என்பதற்கு இந்த ஒரு கட்டி போதும். நச்சு மூட்டை முழுக்கப் பரவிக் கிடப்பதில்லை, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். ஒரு பிடி அள்ளினால் ஒன்றுமே வராமல் போகலாம், அல்லது பயமுறுத்தும் எண் வரலாம். இரண்டும் பொய். ஆய்வகத்தில் எவ்வளவு நுட்பமான மிஷின் இருந்தாலும் தப்பின் பெரும்பங்கு சாம்பிள் எடுக்கும் கையில்தான் நடக்கிறது.

அந்தத் தடவை எடுத்த விதம் இது. இருந்த ஒன்பது மூட்டையையும் பிரித்து, ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி, சுவரோரம் என்று நாலு இடத்திலிருந்து கட்டி எடுத்து, மொத்தம் ஐந்து கிலோ சேர்த்தேன். நல்லது கெட்டது பார்த்துப் பொறுக்கக்கூடாது, கைக்கு வந்ததை எடுக்க வேண்டும். (தவிடு, மக்காச்சோளமாக இருந்தால் அரிசி மண்டியில் மூட்டையைக் குத்திப் பார்க்கிற குழல் ஊசி போதும்.) பிண்ணாக்கை மாவு மில்லுக்குக் கொண்டுபோகாதீர்கள், அடுத்து அரைக்கிறவர் வீட்டு மாவில் போய்ச் சேரும். வாயிலும் மூக்கிலும் துணி கட்டிக்கொண்டு பழைய ஆட்டுரலில் இடித்தேன், ரவைப் பதம் வரும்வரை. கை வலிக்கும், ஆனால் இந்தப் படியைத் தாண்டினால் எல்லாம் வீண். இடித்ததைப் பெரிய தாளில் கொட்டி, நன்றாகப் புரட்டி, வட்டமாகப் பரப்பி, நாலு பங்காகக் கோடு போட்டு எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட வேண்டும். மிச்சத்தை மறுபடி கலந்து மறுபடி நாலாக்கி, ஒரு கிலோ ஆகும்வரை. அதை இரண்டு அரைக் கிலோவாகப் பிரித்து இரண்டையும் ஒட்டினேன். ஒன்று ஆய்வகத்துக்கு, இன்னொன்று ஃபிரிட்ஜில். இந்த முறை பிண்ணாக்கு விற்ற மில்காரரை வரவழைத்து, ஒட்டிய இடத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். கடைக்காரர் சொல்லிக்கொடுத்த பாடம்.

கூடவே வைக்கும் தாளில் பொருளின் பெயர், வாங்கிய தேதி, எடுத்த தேதி, எத்தனை மூட்டையிலிருந்து எடுத்தது, "அஃப்ளடாக்சின் பி1 மட்டும்" என்பதெல்லாம் இருக்க வேண்டும். வெறுமனே "நச்சு பார்க்கவும்" என்று எழுதினால் எது என்று கேட்டு மறு கடிதம் வரும், அதில் ஒரு வாரம் போகும். முடிவுத் தாளில் "கண்டறியப்படவில்லை" என்று வந்தால் எந்த அளவுக்குக் கீழே கண்டறிய முடியாது என்றும் கேளுங்கள். பட்டைச் சோதனையை வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சோளத்துக்கென்று செய்த பட்டை எண்ணெய்ப் பிசுக்குள்ள பிண்ணாக்கில் சரியாக வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம், டப்பாவில் எந்தெந்தப் பொருளுக்கு என்று போட்டிருக்கும்.

பிண்ணாக்கின் முடிவு: 160 பிபிபி. ஒன்றரைக் கிலோவுக்கு 240 மைக்ரோகிராம், பெல்லட்டோடு சேர்த்து 284. 2 விழுக்காடு 5.7. பத்து லிட்டருக்கு 0.57. பால்காரரின் பட்டை பொய் சொல்லவில்லை.

பிண்ணாக்கை நிறுத்திய ஐந்தாம் நாள் பால் சுத்தமாகக் காட்டியது. நச்சுத் தீவனம் உள்ளே போன ஒரு நாளுக்குள் எம்1 பாலில் தெரியும், நிறுத்தினால் மூன்று நாலு நாளில் போய்விடும். இந்த மொத்தக் கதையிலும் சொன்னபடி நடந்தது அது ஒன்றுதான்.

காரணம் மில்லில் இல்லை, அதற்கும் முந்தி. கொப்பரை 6 விழுக்காடு ஈரத்துக்கு இறங்க வேண்டும். இந்த மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் நனையும், ஐப்பசி கார்த்திகையிலும் நனையும். ஒரு வாரம் வெயில் வேண்டியதை இரண்டு வெயில், மூன்று மழை என்று இழுத்துக் காயவைத்தால் பருப்பின் மேல் அந்த மஞ்சள் பச்சை வந்துவிடும். நல்ல கொப்பரையை ஒதுக்கிவிட்டு, பூத்ததையும் உடைந்ததையும் சேர்த்து ஆட்டுகிறார்கள். நச்சின் பெரும்பகுதி எண்ணெயோடு போகாமல் பிண்ணாக்கிலேயே தங்கும். இந்த நச்சு முதன்முதல் பிடிபட்டதே பிண்ணாக்கில்தான்: 1960-ல் இங்கிலாந்தில் பிரேசில் கடலைப் பிண்ணாக்குத் தின்று ஒரு லட்சம் வான்கோழிகள் செத்த பிறகு.

மீதியை வெயிலில் போட்டால் சரியாகும் என்றார் ஒருவர், வேகவைத்துக் கொடுங்கள் என்றார் இன்னொருவர். வெயிலில் பூஞ்சணம் சாகலாம், நச்சு முழுக்கப் போய்விடாது. அடுப்புச் சூட்டில் அது அழியாது. நல்லதோடு கலந்து கொடுப்பதும் வேண்டாம், எவ்வளவு கலந்தால் போதும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாத்துக்குப் போடலாமே என்றார் ஒருவர். வாத்துக் குஞ்சுதான் இதற்கு எல்லாவற்றிலும் முதலில் விழும். பென்டோனைட் வகைக் களிமண் நச்சுப்பிடிப்பான் பி1-ஐ ஓரளவு குடலில் பிடித்துவைக்கும், பொட்டலத்தில் போட்ட அளவில் கலக்கலாம். ஆனால் 160 உள்ள பிண்ணாக்கைக் கொடுத்துத் தீர்க்க அது அனுமதிச் சீட்டு அல்ல.

என் தொழுவத்துக் கிட்டங்கியிலும் குறை இருந்தது. மூட்டைகள் சிமெண்டுத் தரையில், சுவரோடு ஒட்டி. மேலே ஷீட்டுக் கூரையில் விடியற்காலை வியர்த்துச் சொட்டும் தண்ணீர் மேல் மூட்டையில். பெல்லட் கட்டி பிடித்தது அதனால்தான். இப்போது அரை அடி உயர மரச்சட்டம், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, பதினைந்து நாளுக்குத் தேவையானதுக்குமேல் இருப்பு இல்லை. மக்காச்சோளம் வாங்கினால் கண்ணாடிப் பாட்டிலில் காய்ந்த உப்பும் ஒரு பிடி சோளமும் போட்டுக் குலுக்கிப் பார்க்கிறேன். உப்பு பாட்டில் ஓரத்தில் ஒட்டினால் ஈரம் 15-க்கு மேல், அந்த மூட்டை வண்டியிலிருந்தே இறங்காது. இந்தச் சோதனை பிண்ணாக்குக்கு உதவாது.

மில்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்க கிட்டங்கியில பூத்ததுக்கு நான் என்ன செய்ய?" என்றார். ஃபிரிட்ஜிலிருந்த இரண்டாம் பையை, இருவர் கையெழுத்தோடு, அவரே அவர் செலவில் வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். 148 வந்தது. நான் பணம் கட்டி அவர் ஷெட்டிலேயே விட்டிருந்த, பிரிக்காத நாலு மூட்டையை எடுத்துப் பார்த்தபோது அதிலும் அதே பச்சை. அவற்றின் பணத்தைத் திருப்பித் தந்தார். ஏற்கெனவே இங்கே பிரித்த மூட்டைகளில் மிஞ்சியதைத் தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தேன், கோழி கிளறாத ஆழத்தில்.