பென்ஷன் இல்லாத மிலிட்டரிக்காரருக்கு உதவித்தொகை வாங்கிய கதை

"மிலிட்டரிக்காரரா? அவருக்குத்தான் பென்ஷன் வருமே!"

பெரியப்பாவுக்காக ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் இதைத்தான் சொன்னார்கள். முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுத்தபோது பேப்பரைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மிலிட்டரி என்ற சொல் காதில் விழுந்ததுமே கதை முடிந்தது. சிப்பாய்க்குப் பென்ஷன் வர 15 வருட சர்வீஸ் வேண்டும் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. பெரியப்பா 1969இல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தவர். 71 போர் முடிந்து சில வருடத்தில் தாத்தா தவறிவிட, வீட்டைப் பார்க்க ஆளில்லாமல் 1978இல் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். 71 போருக்காகக் கொடுத்த சங்ராம் மெடல் இருக்கிறது, பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கிற சர்வீஸ் விவரப் புத்தகமான டிஸ்சார்ஜ் புக் இருக்கிறது. பென்ஷன் ஒரு பைசா கிடையாது.

ரேஷன் அரிசி இருக்கிறதே, பட்டினியா கிடப்பார் என்று கேட்கலாம். அரிசி இருக்கிறதுதான். பருப்பு, எண்ணெய், காய்கறிக்குத்தான் வழியில்லை. மதியம் ஒரு தடவை உலை வைப்பார். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி ராத்திரிக்கும் மறுநாள் காலைக்கும் ஓட்டுவார். தொட்டுக்கொள்ள உப்பும் பச்சை மிளகாயும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற 75 வயது மனிதர். கேட்டால், "பார்டர்ல இதுகூட இல்லாம இருந்திருக்கோம்டா" என்பார். அதற்கு மேல் பேச்சை வளர்க்க விடமாட்டார்.

தெருவில் ஒரு ரிட்டயர்ட் ஹவில்தார்தான் 'பெனூரி கிராண்ட்' பற்றிச் சொன்னார். முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அரசு அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு கொடுக்கிற வறுமைக்கால உதவித்தொகை அது. பணம் கொடிநாள் நிதியிலிருந்து வருகிறது. 65 வயது தாண்டிய, பென்ஷன் இல்லாத, ஹவில்தார் வரையிலான ரேங்கில் இருந்தவர்களுக்கும் அவர்களுடைய விதவை மனைவிகளுக்கும் உண்டு. மாதம் 4,000 ஆக இருந்ததை 2025 நவம்பர் 1 முதல் வருகிற விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள். இந்தத் தேதியை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

முன்னாள் படைவீரர் அடையாள அட்டை பெரியப்பாவிடம் ஏற்கெனவே இருந்தது, அதில் சிக்கல் இல்லை. ஆன்லைன் விண்ணப்பம்தான் படுத்தி எடுத்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் கொடுத்தோம். பையன் காசை வாங்கிக்கொண்டு, எல்லாம் போட்டாச்சு என்று ஒரு பிரிண்ட் அவுட்டும் கொடுத்தான். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய் நின்றால், இந்தப் பெயரில் விண்ணப்பமே வரவில்லை என்கிறார்கள். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. சமர்ப்பிக்காமல் பாதியில் சேமித்து வைத்திருக்கிறான். மொபைல் நம்பர் என்ற இடத்தில் போட்டிருப்பது அவனுடைய நம்பர். டிஸ்சார்ஜ் புக்கில் இரண்டே பக்கத்தை, அதுவும் ஜெராக்ஸிலிருந்து ஸ்கேன் செய்திருக்கிறான். சண்டை போட்டுத்தான் பாஸ்வேர்டை வாங்கி நம்பரை மாற்ற வேண்டியிருந்தது.

அடுத்தது பெயர். டிஸ்சார்ஜ் புக்கில் ஆங்கிலத்தில் 'ஸ்வாமி' என்று முடிகிறது, ஆதாரில் 'சாமி'. பிறந்த தேதியும் வேறு: ஆதார் எடுத்தபோது யாரோ ஜனவரி 1 என்று போட்டுவிட்டார்கள். (எங்கள் ஊரில் பாதிப் பெரியவர்கள் ஜனவரி 1இல்தான் பிறந்திருக்கிறார்கள்.) கவுண்டரில் இருந்தவர், "ஆதாரை மாத்திட்டு வாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பழைய பேப்பர்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான் என்று நினைத்தபோது, உள்ளே இருந்த இன்னொரு அலுவலர் டிஸ்சார்ஜ் புக்கை வாங்கி நிதானமாகப் புரட்டினார். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி அஃபிடவிட் போதும், வயது எந்தக் கணக்கில் பார்த்தாலும் 65 தாண்டியாச்சு என்றார். அரை மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு இத்தனை பாடு.

இதெல்லாம் சரியாகி விண்ணப்பம் நிஜமாகவே போனபோது நவம்பர் பிறந்துவிட்டது. அந்தப் பையன் ஒழுங்காக வேலை செய்திருந்தால் அக்டோபரிலேயே போயிருக்கும், பழைய 4,000 கணக்கில். அவனுக்கு நன்றி சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பணம் வரத் தாமதம் ஆனது, ஆனால் வந்துவிட்டது. பெரியப்பா முதலில் வாங்கியது கால் கிலோ சுறா.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு: டிஸ்சார்ஜ் புக்கில் வெற்றுப் பக்கம் போலத் தெரிவதையும் விடாமல், ஒரிஜினலிலிருந்து கலரில் ஸ்கேன் செய்யுங்கள். நம்பரும் மெயிலும் உங்கள் வீட்டு ஆளுடையதாக இருக்கட்டும். பாஸ்புக் பழசு என்றால், வங்கிகளை ஒன்றாக இணைத்ததில் ஐஎஃப்எஸ்சி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 1987 ஜூலைக்குப் பிறகு பென்ஷன் இல்லாமல் சொந்த விருப்பத்தில் வெளியே வந்தவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதியே கிடைக்காது, அலைவதற்கு முன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள். வேறு அரசு உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்களா? வயதானவர்களுக்குத் தாயுமானவர் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், கேளுங்கள்.

இன்னொன்று, மனைவி பெயர். நல அலுவலகத்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. ஆனால் அவர் கணவர் பட்டாளத்தை விட்டு வந்த பிறகு கல்யாணம் செய்தவர். டிஸ்சார்ஜ் புக்கில் இவர் பெயரை ஏற்றவே இல்லை, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது கல்யாணப் பத்திரிகை, வாரிசு சான்று என்று ஒவ்வொன்றாக, படைவீரர்களின் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கிற ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.