உடைசலுக்குப் பத்துக் கல்

முதியோர் எழுத்தறிவுத் தேர்வில் தில்லுமுல்லு என்று ஒன்று நடந்தால், அதைத் தொடங்கி வைப்பவர் பெரும்பாலும் சொல்லிக்கொடுத்தவர்தான். எழுத வந்தவர் பாவம், பேனா மூடியைத் திறக்கவே யோசித்துக்கொண்டிருப்பார். காரைக்குடிப் பக்கம் பள்ளி வேலையோடு சேர்த்து இந்த மையங்களையும் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், பலகாரக் கடையில் மாவு பிசைகிறவர்கள், பெரிய வீடுகளில் சமையலுக்கு நிற்கிறவர்கள் என்று வருகிறவர்களில் முக்கால்வாசி பெண்கள்.

இப்போது நடப்பது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 2022 முதல் 2027 வரைக்குமானது. 15 வயதைத் தாண்டிய, எழுதப் படிக்கத் தெரியாத யாரும் சேரலாம். உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவர் சம்பளம் இல்லாமல் சொல்லிக்கொடுப்பார். கடைசியில் 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு. படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் தலா 50. தொண்ணூறுகளில் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் அளவுகோல் வேறு மாதிரி. நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டுப் படிக்க வேண்டும், 7 சொல் பார்த்து எழுத வேண்டும், யாராவது சொல்லச்சொல்ல 5 சொல் எழுத வேண்டும். படிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றிலும் பாதி, மொத்தத்தில் 70 சதவீதம் வந்தால்தான் எழுத்தறிவு பெற்றவர். கொஞ்சம் கடுமைதான். ஆனால் ஆளை எதிரே உட்காரவைத்துக் கேட்காமல் அந்த மதிப்பெண்ணைப் போடவே முடியாது என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

ஒரு மையத்தில் பாட்டி பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருக்க, ஏழாவது படிக்கும் பேத்தி கடகடவென்று விடைத்தாளை நிரப்பிக்கொண்டிருந்தாள். "அப்பத்தாவுக்குக் கை நடுங்குது டீச்சர், அதான்" என்றாள். எழுத்து முத்துமுத்தாக இருந்தது. வேறொரு இடத்தில் எட்டாவது வரை படித்துவிட்டு நின்றுபோன மருமகளையே பட்டியலில் சேர்த்து எழுத வைத்திருந்தார்கள். தன்னார்வலரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். நல்ல பிள்ளை, மழையானாலும் வகுப்பை விடாதவள். "எத்தனை பேர் எழுதுனாங்கன்னுதான் கேக்குறாங்க டீச்சர். எத்தனை பேருக்குத் தெரியும்னு யாரு கேக்குறா?" என்றாள். இலக்கு என்று மேலிருந்து ஒரு எண் வந்துவிட்டால் கீழே இருப்பவர் அதை எப்படியாவது நிரப்பத்தான் பார்ப்பார். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தாளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

"வயசான காலத்துல பாஸ்னு போட்டாத்தான் என்ன, பரிட்சை எழுதி கலெக்டராவா ஆகப்போகுது?" என்று சக ஆசிரியர்களே கேட்பார்கள். கேட்க இரக்கமாகத்தான் இருக்கும். ஆனால் தேர்ச்சி என்று பதிவான நிமிடமே அந்த அம்மா எழுதப் படிக்கத் தெரியாதோர் பட்டியலிலிருந்து போய்விடுகிறார். அடுத்த கணக்கெடுப்பில் அவர் வீட்டுக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை நிரப்ப இன்னமும் பக்கத்தில் நிற்பவர் கையைத்தான் எதிர்பார்ப்பார். மகளிர் குழு நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே கையெழுத்துப் போடுவார். தேர்ச்சி பெறாதவர்களை இந்தத் திட்டம் தோல்வி என்று குறிப்பதில்லை, முன்னேற்றம் தேவை என்றுதான் குறிக்கிறது; மறுபடி எழுதவும் வழி இருக்கிறது. அப்புறம் எதற்கு இந்த அவசரம்?

பர்மா, மலாயா என்று போய்க் கடை வைத்த ஊர்க்காரர்கள் இதை நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள். பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவன் கணக்கு எழுதிப் பழகித்தான் மேலே வர முடியும். வரவும் செலவும் பொருந்தாமல் ஐந்தொகை இடித்தால் எங்கே விட்டுப்போனது என்று தேடுவார்கள். வராத தொகையை எங்காவது சொருகிச் சரிக்கட்டுகிறவனை அடுத்த பொறுப்புக்கு, அடுத்தாளாக வைத்துக்கொண்டால் கடை என்ன ஆகும்? நம் தேர்ச்சிப் பட்டியல்களில் சொருகின தொகை நிறைய.

இது ஒரு பக்கம். தெரிந்தவருக்கு மதிப்பெண் போடாமல் விடுவதும் அநியாயம்தான், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

படிப்புப் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடப் புத்தகத்தைக் கொடுத்தால் சிலர் தங்குதடையில்லாமல் படிப்பார்கள். கவனித்தால் விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரியில் இருக்கும். முழுக்க மனப்பாடம். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். காதால் கேட்டே எல்லாம் கற்ற தலைமுறை அது. அதனால் புத்தகத்தை மூடிவிட்டு அட்டையில் எழுதிய ஊர்ப் பெயர்களைக் காட்டுவோம். புதுவயல், புதுக்கோட்டை இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் போதும். முதல் இரண்டு எழுத்தை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்கிறவர் அங்கே மாட்டிக்கொள்வார். புதுவயலுக்கு ஏற வேண்டியவர் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டால் படும் பாடு அவர்களுக்கே தெரியும் என்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை எழுத்துக் கூட்டுவார்கள்.

கணக்கில் நிலைமை தலைகீழ். பயிற்சிக்காக நாங்களே ஒரு கேள்வி போட்டிருந்தோம்: பத்தடிக்குப் பத்தடி அறைக்கு எட்டங்குலச் சதுர ஆத்தங்குடித் தரைக்கல் எத்தனை வேண்டும்? கல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு அக்கா 235 என்று எழுதியிருந்தார், வழிமுறை ஒரு வரிகூட இல்லை. திருத்தியவர் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டார். சரியான விடை 225தானே. கூப்பிட்டுக் கேட்டால், "வரிசைக்குப் பதினஞ்சு, பதினஞ்சு வரிசை. உடைசலுக்கு ஒரு பத்து சேக்க வேண்டாமா டீச்சர்? கண்ணாடியில வார்த்த கல்லு, தூக்கிப் போடுறவன் பாத்தா போடுறான்?" என்றார். முழு மதிப்பெண் போடச் சொன்னேன். திருத்தியவருக்கு இன்றுவரை அதில் உடன்பாடில்லை. கேள்வியில் உடைசல் இல்லையே என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, எழுத்துத் தேர்வென்றால் எழுதியதற்குத்தான் மதிப்பெண். அதனால்தான் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேச இடமுள்ள தேர்வாக இருக்க வேண்டும் என்கிறேன்.

ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவதுதான் இருப்பதிலேயே சின்ன விஷயம். குழம்பிலிருந்து குழுக்கடன் வரை பங்கு போட்டே வாழ்கிறவர்களைத் திடீரென்று கையால் தாளை மறைக்கச் சொன்னால் அவர்களுக்கு அது மரியாதைக் குறைவாகப் படுகிறது. "இந்தக் கண்ணாத்தாளுக்கு ஒண்ணும் புரியல, கொஞ்சம் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்று பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்பவர்களும் உண்டு! தள்ளி உட்காரவைத்தால் தீர்ந்தது.

தீராதது கண். நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு வெள்ளெழுத்து. கேள்வித்தாளைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, கடைசியில் மடக்கி வைத்துவிடுவார்கள். "தெரியல" என்று அவர்கள் சொல்வதை விடை தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டு நாம் பூஜ்யம் போடுகிறோம். போன முறை முன்னேற்றம் தேவை என்று வந்தவர்களில் கண்ணாடி இல்லாதவர்கள் யார் யார் என்று அந்தத் தன்னார்வலரிடமே ஒரு பட்டியல் கேட்டிருக்கிறேன். அடுத்த தேர்வுக்கு முன்னால் அவர்களைக் கண் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்; கண்ணாடி வந்து சேராவிட்டால் பெரிய எழுத்தில் கேள்வியை எழுதிக் கொடுக்கவாவது அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பம் எழுதி அனுப்பியாகிவிட்டது, பதில் வரவில்லை.